பெண்டிங்கில் கிடக்கும் கமிஷன்: அஃபிலியேட், பார்ட்னர் திட்டங்களில் புழங்கும் சொற்கள்

அடுத்தவர் பொருளுக்கு லிங்க் போட்டு, அது விற்றால் கமிஷன் வாங்குவதுதான் அஃபிலியேட் தொழில். அதற்கான கணக்கு ஒன்றைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது டாஷ்போர்டு. மாதக் கடைசியில் அதில் நான்கு எண்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கிளிக் 1,200. ஆர்டர் 30. பெண்டிங் ரூ.3,000. அப்ரூவ்டு, அதாவது உறுதியானது, ரூ.0. புதிதாக வந்தவர் மூன்றாவது எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். பழகியவர் நான்காவதைத்தான் பார்ப்பார். பெண்டிங் என்பது இன்னும் உங்கள் பணம் அல்ல. கடைக்காரர் தன் நோட்டில் பென்சிலால் குறித்துவைத்த தொகை அது. அவர் நினைத்தால் பேனாவால் மேலே எழுதலாம், ரப்பரால் அழிக்கவும் செய்யலாம்.

இந்தத் தொழிலில் சொற்கள் நிறைய. ஆனால் எதை எடுத்தாலும் அது நான்கு கேள்விகளில் ஒன்றுக்குப் பதிலாகத்தான் இருக்கும். எந்தச் செயலுக்குக் காசு? அந்தச் செயல் உங்களால்தான் நடந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? காசு எப்போது உறுதியாகிறது? என்ன காரணம் சொல்லி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்? 'எத்தனை சதவீதம்' என்பது ஐந்தாவது கேள்வி. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான், ஏமாறுவதும் அங்கேதான்.

ஆட்கள்

பொருளை விற்பவர் மெர்ச்சன்ட். சில நெட்வொர்க்குகள் அவரையே அட்வர்டைசர் என்கின்றன. லிங்க் போட்டு ஆளை அனுப்புபவர் அஃபிலியேட். வலைத்தளமோ யூடியூப் சேனலோ டெலிகிராம் குழுவோ, ஒப்பந்தத்தில் இவருக்குப் பப்ளிஷர் என்றும் பெயர் இருக்கும். இருவருக்கும் நடுவில் நின்று கணக்கு வைத்து, பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது நெட்வொர்க். சி.ஜே., அவின், ராக்குட்டன், இம்பாக்ட் எல்லாம் இந்த வகை. அமேசான் நடுவில் யாரையும் வைக்காமல் 1996 ஜூலையில் தானே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதுதான் அசோசியேட்ஸ். இதில் அமேசான்தான் முதல் என்று பலர் எழுதுவதுண்டு. ஆனால் சிடிநவ் என்ற இசைத்தட்டுக் கடை 1994-லேயே இதைச் செய்துவிட்டது.

இந்தியாவில் தொடங்குபவர்கள் பலர் கியூலிங்க்ஸ் போன்ற சப்-அஃபிலியேட் தளங்கள் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். அந்தத் தளம் பல கடைகளில் கணக்கு வைத்திருக்கும். நீங்கள் அதன் கீழ் ஒரு கிளை. ஒவ்வொரு கடையிடமும் தனியாக அனுமதி வாங்க அலைய வேண்டாம். பதிலுக்கு, வரும் கமிஷனில் தளம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஓர் ஆர்டர் கணக்கில் ஏறாவிட்டால் கடையிடம் நேரடியாகக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு இல்லை. மாதம் நாலைந்து ஆர்டர் வரும்வரை இது போதும். அதற்கு மேல் போனால் நேரடிக் கணக்குதான் கட்டும்.

ஒரு லிங்க்கைப் பிரித்துப் பார்த்தால்

அமேசான் இந்தியாவின் லிங்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கடையின் முகவரி, அதன்பின் பொருளின் எண், பிறகு ஒரு கேள்விக்குறி. அதற்குப் பின்னால் வரும் ஏதோ ஓரிடத்தில் 'டேக்' என்ற சொல், ஒரு சமக்குறி, அதையடுத்து உங்கள் கணக்கின் பெயர். அந்தப் பெயர் 21 என்ற எண்ணோடு முடியும். அமெரிக்கக் கணக்கானால் 20. உங்களை அடையாளம் காட்டுவது இந்தத் துண்டு மட்டும்தான். இதைத்தான் அஃபிலியேட் ஐடி என்கிறோம்.

லிங்க் நீளமாக இருக்கிறதே என்று கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டுப் பகிர்பவர்கள் உண்டு. பொருள் பக்கம் அப்போதும் சரியாகத்தான் திறக்கும், அதனால் தவறு தெரியவே தெரியாது. கமிஷன் மட்டும் வராது. புதிய லிங்க் போட்டதும் பிரவுசரின் இன்காக்னிட்டோ சாளரத்தில் ஒருமுறை திறந்து, முகவரிப் பட்டையில் உங்கள் டேக் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் இருந்து தொட்டால் கடையின் செயலி திறக்கும். அங்கேயும் டேக் கூடவே போகிறதா என்பதைக் கடையின் உதவிப் பக்கத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் சோதனைக்காக உங்கள் லிங்க்கிலேயே பொருள் வாங்கிவிடாதீர்கள். அதற்கு செல்ஃப்-ரெஃபரல் என்று பெயர். பெரும்பாலான திட்டங்களில் அது கணக்கை மூடும் அளவுக்குப் பெரிய குற்றம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு அதிகம் வரும் ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. படிப்பவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கலாம். அவர்கள் உங்கள் இந்திய லிங்க்கைத் தொடுகிறார்கள், பொருளைப் பார்க்கிறார்கள், பிறகு தங்கள் நாட்டுக் கடையில் போய் வாங்கிக்கொள்கிறார்கள். கிளிக் ஏறும், ஆர்டர் ஏறாது. ஒவ்வொரு நாட்டுக் கடைக்கும் தனிக் கணக்கு, தனி டேக். ஆள் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பார்த்து அந்த நாட்டுக் கடைக்குத் திருப்பிவிடும் லிங்க்குக்கு ஜியோ-லிங்க் என்று பெயர். வெளிநாட்டு வாசகர்கள் அதிகம் என்றால் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

சப்-ஐடி என்பது டேக்கோடு நீங்களே ஒட்டிக்கொள்ளும் இன்னொரு சீட்டு. மிக்ஸி பற்றிய வீடியோவுக்கு ஒன்று, குக்கர் கட்டுரைக்கு ஒன்று என்று வைத்தால், எந்த இடத்திலிருந்து விற்பனை வந்தது என்று தெரியும். இதை யூடிஎம் குறியீட்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். யூடிஎம் என்பது போக்குவரத்தை அளக்கும் அனலிட்டிக்ஸ் கருவிக்கான குறிப்பு. அதைப் போட்டால் உங்கள் ஆள் எங்கிருந்து வந்தார் என்று கடைக்காரருக்குத் தெரியும். ஆனால் உங்களுக்குக் காசு தர வேண்டும் என்று அதில் எதுவும் இல்லை.

குக்கியும் அதன் ஆயுளும்

லிங்க்கைத் தொட்டவர் உடனே வாங்கிவிடுவதில்லை. நாளைக்கு வந்து வாங்கினாலும் உங்கள் கணக்கில் ஏற வேண்டும் அல்லவா? அதற்காக அவருடைய பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்புதான் குக்கி. அது எத்தனை நாள் செல்லும் என்பதுதான் குக்கி காலம். அமேசானில் 24 மணி நேரம். கூடையில் போட்டுவைத்தால் அந்தப் பொருளுக்கு மட்டும் அவகாசம் நீளும். மென்பொருள் திட்டங்களில் 30, 60, 90 நாள் என்று போகும். ஹப்ஸ்பாட் என்ற மென்பொருள் நிறுவனத்தின் அஃபிலியேட் திட்டம் 180 நாள் தருவதாக அறிவித்திருக்கிறது. காரணம் எளிது. குக்கர் வாங்க ஒரு நாள் யோசித்தால் போதும். ஒரு கம்பெனி தன் சிஆர்எம்-ஐ, அதாவது வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருளை, மாற்றப் பல மாதம் ஆகும்.

ஒப்பந்தத்தில் 90 நாள் என்று இருந்தாலும் ஐபோனில் அது 90 நாள் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஆப்பிள் தன் சஃபாரி பிரவுசரில், பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் எழுதும் குக்கிகளின் ஆயுளை 2019-இல் 7 நாளாகக் குறைத்தது. 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது திறந்திருக்கும் தளம் அல்லாத வேறு தளம் வைக்கும் குக்கிகளை, முழுவதுமாகத் தடுத்துவிட்டது. குரோமிலும் அவற்றை எடுக்கப்போவதாகச் சொல்லிவந்த கூகுள், 2024 ஜூலையில் அந்த முடிவிலிருந்து பின்வாங்கியது. ஆக ஒரே லிங்க், ஆண்ட்ராய்டில் ஒரு மாதிரியும் ஐபோனில் வேறு மாதிரியும் கணக்காகிறது.

இதற்கு மாற்றுதான் சர்வர்-டு-சர்வர் டிராக்கிங், அல்லது போஸ்ட்பேக். லிங்க்கைத் தொட்ட கணத்தில் நெட்வொர்க் ஒரு கிளிக் ஐடியை உருவாக்கி முகவரியோடு அனுப்பும். கடையின் சர்வர் அந்த எண்ணைத் தன் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளும். பணம் கட்டியதும் 'இந்த எண்ணில் வந்தவர் வாங்கினார், தொகை இவ்வளவு' என்று கடையின் சர்வரே நெட்வொர்க்கின் சர்வருக்குச் சொல்லிவிடும். மூன்றாம் தரப்புக் குக்கியை நம்பி இருக்க வேண்டியதில்லை. பழைய முறை பிக்சல். 'வாங்கியதற்கு நன்றி' என்று வரும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத் துண்டு இருக்கும். அது லோட் ஆனால்தான் விற்பனை பதிவாகும். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவரிடம் அது லோட் ஆகாது. திட்டத்தில் சேரும் முன் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: உங்கள் டிராக்கிங் பிக்சலா, போஸ்ட்பேக்கா? பதில் தெரியாதவர் நடத்தும் திட்டத்தில் உங்கள் ஆர்டர்களும் தொலையும்.

இரண்டு பேர் அனுப்பிய ஆளுக்கு யாருக்குக் காசு?

இதற்குப் பெயர் அட்ரிபியூஷன். அஃபிலியேட் உலகில் பெரும்பாலும் லாஸ்ட் கிளிக்தான் சட்டம். கடைசியாக யாருடைய லிங்க்கைத் தொட்டாரோ அவருக்கே முழுக் கமிஷன். இருபது நிமிட வீடியோ போட்டு விளக்கியவர் ஒருவர். வாங்கும் நேரத்தில் 'கூப்பன் இருக்கிறதா' என்று தேடி வந்தவருக்குக் கோடு, அதாவது தள்ளுபடிக் குறியீடு, காட்டிய கூப்பன் தளம் இன்னொன்று. காசு இரண்டாமவருக்குப் போகும். முதலில் கூட்டிவந்தவருக்குத் தரும் ஃபர்ஸ்ட் கிளிக் திட்டங்களும் உண்டு, ஆனால் குறைவு.

இந்த விதியின் ஓட்டை எவ்வளவு பெரியது என்பது 2024 டிசம்பரில் ஊரறிய வந்தது. பேபால் நிறுவனம் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய ஹனி என்ற, பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் கூப்பன் எக்ஸ்டென்ஷன், பணம் கட்டும் பக்கத்தில் தன் குக்கியை வைத்து, பொருளைப் பரிந்துரைத்தவரின் கமிஷனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது என்று ஒரு யூடியூப் வீடியோ குற்றம் சாட்டியது. வழக்குகள் தொடுக்கப்பட்டன. லாஸ்ட் கிளிக் விதிப்படியே தாங்கள் நடப்பதாகப் பேபால் சொன்னது. பயனருக்கு நேரடியான, வெளிப்படையான பலன் எதுவும் தராமல் அஃபிலியேட் குறியீட்டைச் செருகக் கூடாது என்று 2025 மார்ச்சில் கூகுள் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளைத் திருத்தியது.

இதிலிருந்து தப்பிக்க நல்ல வழி, உங்கள் பெயரிலேயே ஒரு கூப்பன் கோடு கேட்டு வாங்குவது. பல திட்டங்களில் கோடு லிங்க்கை மிஞ்சும். உங்கள் கோடை வாங்குபவர் தட்டிவிட்டால், கடைசிக் குக்கி யாருடையதாக இருந்தாலும் விற்பனை உங்களுடையது. எல்லாத் திட்டத்திலும் அப்படி இல்லை என்பதால் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தச் செயலுக்குக் காசு

சிபிஎஸ் என்றால் விற்பனைக்கு, சிபிஎல் என்றால் படிவம் நிரப்பிய லீடுக்கு, சிபிஐ என்றால் செயலியை நிறுவியதற்கு, சிபிசி என்றால் கிளிக்குக்கு. சிபிஏ என்பது பொதுச்சொல். அதில் வரும் 'ஏ' என்ற செயல் என்ன என்பதைத் திட்டமே முடிவு செய்யும். ஆகவே 'சிபிஏ 800 ரூபாய்' என்று பார்த்ததும் குதிக்காமல், எது செயல் என்று படியுங்கள். டீமேட் கணக்கு திறந்தால் போதுமா, முதல் வர்த்தகமும் செய்திருக்க வேண்டுமா? இரண்டுக்கும் நடுவில் பாதிப் பேர் உதிர்ந்துவிடுவார்கள்.

பெண்டிங் எப்படிச் சுருங்குகிறது

முதலில் சொன்ன டாஷ்போர்டுக்கு வருவோம். 30 ஆர்டர், மொத்த மதிப்பு ரூ.60,000, கமிஷன் 5 சதவீதம், பெண்டிங் ரூ.3,000. இந்த 60,000 ஜிஎஸ்டி நீக்கிய தொகை என்பதை முதலில் கவனியுங்கள். வாங்கியவர் ரூ.2,360 கட்டினால் அதில் 18 சதவீத வரி 360 போக, கமிஷனுக்கான அடிப்படை 2,000 மட்டுமே. உங்களுக்கு 100 ரூபாய் வரும், 118 வராது. டெலிவரிக் கட்டணமும் இப்படியே கழியும்.

பிறகு வருவது வேலிடேஷன் காலம். பொருளைத் திருப்பி அனுப்பும் அவகாசம் முடியும்வரை கடை காத்திருக்கும். 30-இல் 6 ஆர்டர் திரும்பிவந்தன, அவற்றின் மதிப்பு 15,000 என்று கொள்வோம். விலை கூடிய துணிமணியும் மின்சாதனமும்தான் அதிகம் திரும்பும் என்பதால், ஆர்டரில் ஐந்தில் ஒன்று போனாலும் தொகையில் நான்கில் ஒன்று போய்விடும். 750 கழிகிறது. இன்னும் 3,000 ரூபாய் மதிப்புள்ள பொருள்கள் கமிஷன் இல்லாத வகை. கிஃப்ட் கார்டு, தங்க நாணயம் மாதிரி. 150 கழிகிறது. மிஞ்சுவது ரூ.2,100. இப்படிக் கழிப்பதற்குப் பெயர் ரிவர்சல். கழித்து முடித்து உறுதி செய்வது லாக்கிங். அப்போதுதான் பெண்டிங் அப்ரூவ்டு ஆகும்.

அப்ரூவ்டு ஆனாலும் உடனே கைக்கு வராது. நெட்-60, அதாவது மாதம் முடிந்து 60 நாளில், என்று ஒப்பந்தம் சொன்னால், ஆகஸ்ட் மாதக் கணக்கு அக்டோபர் கடைசியில்தான் வங்கிக்கு வரும். அதோடு பேஅவுட் த்ரெஷோல்டு, அதாவது குறைந்தபட்சத் தொகை ஒன்று இருக்கும். அதைத் தொடாவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரே நேரத்தில் எட்டுத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு எட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கி, எதிலிருந்தும் பணம் வராமல் போவது இதனால்தான். இரண்டோடு தொடங்குவது நல்லது.

ஈபிசி என்பது ஒரு கிளிக்குக்கு எவ்வளவு வருமானம் என்ற கணக்கு. பெண்டிங்கை வைத்துப் பார்த்தால் 3,000-ஐ 1,200-ஆல் வகுத்து ரூ.2.50. உண்மையில் கைக்கு வந்ததை வைத்துப் பார்த்தால் ரூ.1.75. விளம்பரம் கொடுத்து ஆளை வரவழைப்பவர் கிளிக்குக்கு இரண்டு ரூபாய் செலவிட்டால், முதல் கணக்கில் லாபம், இரண்டாவதில் நஷ்டம். இன்னொரு பொறி: சி.ஜே. தளத்தில் ஈபிசி என்று போட்டிருப்பது 100 கிளிக்குக்கான தொகை. 40 டாலர் என்றிருந்தால் கிளிக்குக்கு 40 சென்ட்தான்.

மென்பொருளுக்கு வந்தால்

மாதச் சந்தா மென்பொருளில் இரண்டு விதமாகத் தருவார்கள். பவுண்டி என்பது ஒரே தடவை தரும் தொகை. ரெக்கரிங் என்பது வாடிக்கையாளர் சந்தா கட்டும் ஒவ்வொரு மாதமும் வரும் பங்கு. எது மேல் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் சொல்ல முடியாது, சர்ன் தெரிந்தால்தான் சொல்லலாம். சர்ன் என்பது மாதந்தோறும் எத்தனை பேர் விட்டுப்போகிறார்கள் என்ற விகிதம்.

சந்தா மாதம் ரூ.2,000. கமிஷன் 20 சதவீதம், 12 மாதம்வரை. மாதம் 400 வீதம் 4,800 ரூபாய் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். எதிரில் இன்னொரு மென்பொருள் ஒரே தடவையாக 3,000 தருகிறது. மாதச் சர்ன் 5 சதவீதம் என்றால், நீங்கள் அனுப்பிய ஓர் ஆளுக்குச் சராசரியாக 9.2 மாதக் கமிஷன்தான் கிடைக்கும். ஏறக்குறைய ரூ.3,680. பவுண்டியைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். சர்ன் 10 சதவீதம் என்றால் 7.2 மாதம், ரூ.2,870. இப்போது 3,000-ஐக் கையில் வாங்கிக்கொள்வதே மேல். சிறு கடைகளுக்கு விற்கும் பில்லிங் மென்பொருளில் ஆள் சீக்கிரம் விட்டுப்போவார்கள். தகவல் எல்லாம் உள்ளே போய்விட்ட கணக்கு மென்பொருளிலிருந்து லேசில் போக மாட்டார்கள்.

'வாழ்நாள் கமிஷன்' என்று எழுதியிருந்தால், யாருடைய வாழ்நாள் என்று பாருங்கள். வாடிக்கையாளரின் வாழ்நாளா, திட்டத்தின் வாழ்நாளா? இரண்டாவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கிளாபேக் என்பது கொடுத்ததைத் திரும்ப வாங்குவது. ரிவர்சல் பணம் தருமுன் நடக்கும், கிளாபேக் தந்தபின். அனுப்பிய வாடிக்கையாளர் 60 அல்லது 90 நாளுக்குள் ரத்து செய்து பணம் திரும்பப் பெற்றால், அடுத்த மாதக் கமிஷனில் கழித்துக்கொள்வார்கள். அதனால் வந்த கமிஷனை முழுவதும் செலவழித்துவிடக் கூடாது.

அஃபிலியேட் வேறு, பார்ட்னர் வேறு

அஃபிலியேட் லிங்க் போட்டதோடு விலகிக்கொள்கிறார். வாங்கியவர் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. ரெஃபரல் பார்ட்னர் ஆளின் பெயரையும் தேவையையும் சொல்லி அறிமுகம் செய்துவைக்கிறார். விற்பது நிறுவனத்தின் சேல்ஸ் ஆள். ரீசெல்லர் தானே வாங்கி, தன் பில்லில் விற்கிறார். இம்ப்ளிமென்டேஷன் பார்ட்னர் மென்பொருளை அமைத்துக்கொடுத்து, பழைய கணக்கை உள்ளே ஏற்றி, பயிற்சி தருகிறார். தன் செயலியை இந்த மென்பொருளோடு இணைத்து அதன் சந்தையில் விற்பவர் ஐஎஸ்வி. சேல்ஸ்ஃபோர்ஸின் ஆப்எக்ஸ்சேஞ்ச் இந்த வகைச் சந்தை.

தமிழ்நாட்டுக்கு ரீசெல்லர் புதியவர் அல்ல. ஊர் ஊருக்கு டேலி விற்றுக் கொடுத்து, ஜிஎஸ்டி வந்தபோது கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வரி அமைப்பைச் சொல்லிக்கொடுத்தவர்தான் ரீசெல்லர். டேலி தன் பார்ட்னர்களை 3 ஸ்டார், 5 ஸ்டார் என்று தரம் பிரித்தும் வைத்திருக்கிறது. சென்னையில் வளர்ந்த ஜோஹோ, ஃபிரெஷ்வொர்க்ஸ் இரண்டும் பார்ட்னர் திட்டம் நடத்துகின்றன. இந்தத் தொழிலில் நிலையான வருமானம் மென்பொருளின் கமிஷனில் இல்லை, அதைச் சுற்றியுள்ள வேலையில்தான். உரிமத்தில் 10 சதவீதம் கிடைக்கிற இடத்தில் அமைத்துக்கொடுக்கும் கட்டணம் உரிமத்தின் விலையைத் தாண்டலாம்.

ரீசெல்லர் முதலில் கற்க வேண்டியது மார்ஜினுக்கும் மார்க்கப்புக்கும் உள்ள வித்தியாசம். 8,000-க்கு வாங்கி 10,000-க்கு விற்றால் மார்க்கப் 25 சதவீதம், மார்ஜின் 20 சதவீதம். நிறுவனம் 'பட்டியல் விலையில் 20 சதவீதம் தள்ளுபடி' என்று சொல்வது மார்ஜின். அதை மார்க்கப் என்று நினைத்து, வாங்கிய விலையின் மேல் 20 சதவீதம் வைத்து 9,600-க்கு விற்றவர், தன் லாபத்தில் 400 ரூபாயைத் தானாகவே விட்டுக்கொடுத்துவிட்டார்.

அடுத்தது கடன் பொறுப்பு. மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் சந்தாக்களைப் பார்ட்னர்கள் வழியாக விற்கும் சிஎஸ்பி திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் டைரக்ட் பார்ட்னர் மைக்ரோசாஃப்ட்டிடமே வாங்குவார். இன்டைரக்ட் ரீசெல்லர் நடுவில் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்குவார். 2022-இல் வந்த புதிய விதிப்படி, ஓராண்டுச் சந்தா எடுத்தால் முதல் 7 நாளுக்குள் மட்டுமே ரத்து செய்யலாம். அதன்பின் ஆண்டு முழுவதும் கட்டியாக வேண்டும், மாதத் தவணையாகக் கட்டினாலும் சரி. 25 பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு ஆண்டுச் சந்தா போட்டுக்கொடுத்தீர்கள், நான்காம் மாதம் அந்த அலுவலகம் மூடிவிட்டது. மீதி எட்டு மாதத் தவணையை மேலே உள்ளவர் கேட்பது உங்களிடம்தான். மாதச் சந்தாவாக எடுத்தால் இந்தப் பயம் இல்லை, ஆனால் விலை 20 சதவீதம் கூடுதல். புதிய வாடிக்கையாளருக்கு மாதச் சந்தா, அல்லது ஆண்டுப் பணம் முழுவதும் முன்கூட்டியே. நடுவில் வேறு வழி வைத்துக்கொள்ளாதீர்கள்.

டீல் ரெஜிஸ்ட்ரேஷன்

பார்ட்னர்களுக்குள் சண்டை வருவது இந்த ஒரு சொல்லில்தான். நீங்கள் கண்டுபிடித்த வாடிக்கையாளரை வேறு பார்ட்னரோ, நிறுவனத்தின் சேல்ஸ் ஆளோ தட்டிப்பறிக்காமல் இருக்க, பார்ட்னர் போர்ட்டலில் முன்கூட்டியே பதிவு செய்வது இது. கம்பெனியின் பெயர், பேசிய ஆளின் பதவி, எத்தனை யூசர், எந்த மாதம் முடியும் என்று நிரப்ப வேண்டும். ஏற்றுக்கொண்டால் குறிப்பிட்ட காலத்துக்கு அந்த வாடிக்கையாளர் உங்களுக்கு. 90 நாள் என்பது பரவலான வழக்கம்.

நிராகரிப்பதற்கான காரணத்தில் முதலிடம் 'ஏற்கெனவே எங்கள் சிஆர்எம்-இல் இருக்கிறது' என்பது. இரண்டு வருடம் முன்பு அந்தக் கம்பெனியின் ஊழியர் ஒருவர் ஏதோ ஒரு இ-புத்தகத்தை இறக்குவதற்காக மின்னஞ்சல் கொடுத்திருப்பார். அந்த ஒரு வரி போதும். இதற்குத்தான் ஒப்பந்தத்தில் 'ஆக்டிவ் ஆப்பர்ச்சூனிட்டி' என்பதன் விளக்கத்தைத் தேட வேண்டும். கடந்த 90 நாளில் சேல்ஸ் ஆள் பேசியிருந்தால் மட்டுமே ஏற்கெனவே உள்ள வாடிக்கையாளர் என்று இருந்தால் நல்ல ஒப்பந்தம். காலவரை எதுவும் இல்லாமல் இருந்தால் உங்கள் உழைப்பு அவர்கள் கையில். எப்படியானாலும், ஒப்புதல் மின்னஞ்சல் வரும் முன் டெமோ கொடுக்க ஓடாதீர்கள்.

லீடுக்கும் குவாலிஃபைடு லீடுக்கும் உள்ள தூரமும் இங்கேதான் தெரியும். பெயரும் எண்ணும் லீட். வாங்கும் அதிகாரம், பட்ஜெட், காலம் மூன்றும் உறுதியானால்தான் பல திட்டங்களில் குவாலிஃபைடு. காசு இரண்டாவதற்கு.

மற்ற சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எம்டிஎஃப் என்பது உங்கள் ஊரில் கூட்டம் நடத்தவோ விளம்பரம் செய்யவோ நிறுவனம் தரும் பணம். முன் அனுமதி இல்லாமல் செலவழித்துவிட்டுப் பில் அனுப்பினால் வராது. ஸ்பிஃப் என்பது விற்ற ஊழியருக்கு நேரடியாகத் தரும் ஊக்கத்தொகை. என்எஃப்ஆர் உரிமம் உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கும் டெமோவுக்கும், விற்கக் கூடாது. பார்ட்னர் ஆஃப் ரெக்கார்ட் என்பது அந்த வாடிக்கையாளருக்கு யார் பார்ட்னர் என்ற பதிவு. வாடிக்கையாளர் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு அதை மாற்றிவிடலாம், மாறிய நாளிலிருந்து கமிஷனும் மாறும். டயர் என்பது படிநிலை. மைக்ரோசாஃப்ட் சில்வர், கோல்டு என்று வைத்திருந்ததை 2022-இல் விட்டுவிட்டு, 100-க்கு 70 புள்ளி எடுத்தால் சொல்யூஷன்ஸ் பார்ட்னர் என்று மாற்றியது.

கணக்கு மூடப்படும் காரணங்கள்

செல்ஃப்-ரெஃபரலை முன்பே சொல்லியாயிற்று. அடுத்தது பிராண்டு பிடிங். நிறுவனத்தின் பெயரையே கூகுள் விளம்பரத்தில் வார்த்தையாக வாங்கி, எப்படியும் அங்கே போகவிருந்தவரை உங்கள் லிங்க் வழியாக அனுப்புவது. குக்கி ஸ்டஃபிங் இன்னும் மோசம். யாரும் கிளிக் செய்யாமலேயே பக்கத்தைப் பார்த்தவர் பிரவுசரில் குக்கியைத் திணிப்பது. இபேயை இப்படி ஏமாற்றிய அஃபிலியேட்டுகள் இருவருக்கு 2014-இல் அமெரிக்க நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

டூ-டயர் என்று ஒரு சொல் வரும். நீங்கள் சேர்த்துவிட்ட இன்னொரு அஃபிலியேட் விற்றதிலும் உங்களுக்குச் சிறு பங்கு. ஒரு படி, இரண்டு படியோடு நின்று, காசு பொருள் விற்றதிலிருந்து வந்தால் அது சரியான திட்டம். சேர்வதற்கே கட்டணம், சேர்த்துவிட்டதற்கே கமிஷன் என்றால் பெயர் என்னவாக இருந்தாலும் அது பிரமிட். இந்தியாவில் 2021-இன் நேரடி விற்பனை விதிகள் அதைத் தடை செய்கின்றன. 'அஃபிலியேட் மார்க்கெட்டிங் கற்றுத்தருகிறோம்' என்று கோர்ஸ் விற்று, கற்றவர் விற்க வேண்டிய முதல் பொருளாக அதே கோர்ஸைக் கொடுப்பவர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்க்ளோஷர், அதாவது 'இந்த லிங்க்கில் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் வரும்' என்ற அறிவிப்பு, லிங்க்குக்கு முன்னால், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் சிறு எழுத்தில் போட்டால் கணக்காகாது. மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், பரிந்துரை எந்த மொழியிலோ அறிவிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. வலைத்தளம் வைத்திருப்பவர்கள் லிங்க்கின் நிரலில் 'ஸ்பான்சர்டு' என்ற ரெல் குறியையும் சேர்க்க வேண்டும். கூகுள் 2019-இல் கொண்டுவந்தது அது.

வரியும் வெளியேறும் வாசலும்

இந்திய நிறுவனம் தரும் கமிஷனில் டிடிஎஸ் பிடிப்பார்கள். 2024 அக்டோபர் 1 முதல் அது 2 சதவீதம், அதற்கு முன் 5. பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். தவறிய வரியை ரிட்டர்ன் நேரத்தில் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ரீசெல்லராகத் தன் பில்லில் விற்பவர்கள் உள்ளீட்டு வரியைக் கழிப்பதற்காக முன்னதாகவே பதிந்துகொள்வதுண்டு. அமெரிக்க நிறுவனம் டபிள்யூ-8பென் படிவம் கேட்கும். நீங்கள் அந்நாட்டவர் அல்ல என்ற உறுதிமொழி அது, நிரப்பாதவரை பணம் விடுவிக்க மாட்டார்கள். தனி ஆளாக அல்லாமல் நிறுவனமாகச் சேர்ந்தால் 'இ' சேர்ந்த தனிப் படிவம்.

கடைசியாகப் படிக்க வேண்டிய பிரிவு டெர்மினேஷன். பெரும்பாலான திட்டங்கள் 30 நாள் அறிவிப்பிலோ, அறிவிப்பே இல்லாமலோ மூடலாம் என்று எழுதிவைத்திருக்கும். மூடினால் மூன்று விஷயம் என்னவாகும் என்று பாருங்கள். பெண்டிங்கில் உள்ளது வருமா? ஏற்கெனவே கொண்டுவந்த வாடிக்கையாளரின் ரெக்கரிங் தொடருமா, அன்றோடு நிற்குமா? ரீசெல்லராக இருந்தால், அந்த வாடிக்கையாளரின் ரினியூவல் யார் கைக்குப் போகும்? இதற்குப் பதில் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், கையெழுத்திடும் முன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். விதி மாறும்போது வரும் மின்னஞ்சல்களையும் அழிக்காதீர்கள். 'தொடர்ந்து லிங்க்கைப் பயன்படுத்தினால் புதிய விதியை ஏற்றதாகப் பொருள்' என்ற வரி அதில்தான் இருக்கும்.